ஸ்டாக்ஹோமில் ஒரு பகல்: கேம்பர்வேனை எங்கே விட்டு, எதைப் பார்ப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: ஜூன் கடைசியில் கோபன்ஹேகனில் கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்கிறீர்கள். கணவன், மனைவி, ஒன்பது வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஸ்டாக்ஹோமுக்கு என்று ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு பகல். வண்டியோடு நேரே ஊருக்குள் போய்விடலாமா? வாசா கப்பல், ஆபா பாட்டுக்குழுவின் மியூசியம், ஸ்கான்சன், அரண்மனை, நோபல் மியூசியம், சிட்டி ஹால் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் ஆறும் முடியுமா?

வண்டியோடு போகலாம், ஆனால் போகாதீர்கள். ஆறும் முடியாது. வாசாவை மட்டும் உள்ளே போய் நிதானமாகப் பாருங்கள். மற்றதையெல்லாம் படகிலும் நடையிலும் வெளியிலிருந்தே பார்க்கலாம். தண்ணீரின் மேல் இருக்கிற ஊர் இது. மேலாரன் ஏரி பால்டிக் கடலோடு சேரும் இடத்தில் 14 தீவுகளில் பரவிக் கிடக்கிறது. அதன் அழகில் பாதி, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அதற்கு டிக்கெட் இல்லை.

ஏன் வண்டி வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி பார்க்கிங் கூடங்களில் உயர வரம்பு பெரும்பாலும் இரண்டு மீட்டர் சுமார்தான். உங்கள் வண்டி எவ்வளவு சின்னதானாலும் இரண்டரை மீட்டருக்குக் குறையாது. ஆக, தெருவோரம்தான் கதி. அங்கே நிற்கும் பலகையைப் படிக்கத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டும். நீலப் பலகையில் P என்று போட்டு, கீழே மூன்று வரி இருக்கும்: 8–18, அடுத்து அடைப்புக்குறிக்குள் (8–15), அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் 8–15. முதல் வரி வாரநாளுக்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பது சனிக்கிழமைக்கும் பண்டிகைக்கு முந்தைய நாளுக்கும். சிவப்பு, ஞாயிறுக்கும் விடுமுறைக்கும். இதற்கு அடியில் 'அவ்யிஃப்ட்' என்று எழுதியிருந்தால் அந்த நேரத்தில் காசு கட்ட வேண்டும். இதெல்லாம் புரிந்துவிட்டது என்று நிம்மதியாக நிறுத்தினால், பத்தடி தள்ளி இன்னொரு பலகை, வாரத்தில் ஒரு ராத்திரி 0–6 மணிக்கு இந்தத் தெருவைக் கூட்டிச் சுத்தம் செய்வோம், வண்டி நிற்கக் கூடாது என்று சொல்லும். தெருமுனையிலிருந்தும் பாதசாரிகள் கடக்கும் கோட்டிலிருந்தும் பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற பொது விதி வேறு. அதற்குப் பலகையே கிடையாது. அபராதச் சீட்டு நூற்றுக்கணக்கான குரோனாவில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். வாடகை வண்டி என்றால் அது கம்பெனி வழியாக, அவர்களுடைய கைச்செலவும் சேர்த்து, நீங்கள் வீடு திரும்பிய பிறகு வந்து சேரும்.

நெரிசல் வரியும் உண்டு. 2006இல் சோதனையாகப் போட்டு, 2007 ஆகஸ்டு முதல் நிரந்தரமாக்கினார்கள். நகர மையத்துக்குள் நுழைந்தாலும் வெளியேறினாலும் கேமரா வண்டி எண்ணைப் படமெடுத்துக்கொள்ளும். நிறுத்திக் காசு வாங்கும் சாவடி எதுவும் இல்லை. 2015 முதல் வெளிநாட்டுப் பதிவு எண்ணுக்கும் இது பொருந்தும், அதனால் டென்மார்க் வண்டிக்கும் விலக்கில்லை. வாரநாளில் காலை 6 மணியிலிருந்து மாலை 6.29 வரைதான் வரி. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் கிடையாது. ஜூலையில் முதல் ஐந்து வேலை நாள் தவிர மீதி மாதம் முழுக்க இல்லை. எத்தனை முறை கடந்தாலும் ஒரு நாளுக்கு உச்சவரம்பு உண்டு. சீசன் காலத்தில் அது 135 குரோனா. பெரிய தொகை இல்லைதான். ஆனால் மாலை ஆறரைக்கு மேல் வந்தால் ஒன்றுமே இல்லை என்னும்போது ஏன் கட்ட வேண்டும்?

சரி, எங்கே தங்குவது? உங்களுக்கு நான் சொல்வது பிரேடெங் கேம்பிங். ஊருக்குத் தென்மேற்கே சுமார் பத்து கிலோமீட்டர். தெற்கிலிருந்து ஈ4 நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு வரி எல்லைக்கு முன்பே திரும்பிவிடும் வசதி. நடக்கிற தூரத்தில் பிரேடெங் மெட்ரோ நிலையம். அங்கிருந்து சிவப்புத் தடத்தில் 13ஆம் எண் ரயில் மாறாமல் இருபது நிமிடச் சொச்சத்தில், பழைய நகரத்தை ஒட்டிய ஸ்லூசன் நிலையத்தில் கொண்டுவந்து விடும். மின் இணைப்பு, குளியலறை, துணி துவைக்கும் இடம், கழிவுநீர் இறக்கும் இடம் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். பிள்ளைகளோடு நெடுந்தூரம் ஓட்டி வந்த பிறகு இதுதான் முக்கியம்.

ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால் லோங்ஹோல்மன் தீவில், வெஸ்டர்ப்ரோன் பாலத்துக்கு அடியில், கேம்பர் வண்டிகளுக்கென்றே ஓர் இடம் உண்டு. 1975 வரை பெரிய சிறைச்சாலை இருந்த தீவு; இப்போது அந்தச் சிறைக்கட்டடம் ஹோட்டலாகிவிட்டது. நீச்சலுக்குக் கரை இருக்கிறது, பழைய நகரத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அது கோடைக்கு மட்டும் திறக்கும், வண்டிகள் நெருக்கி நிற்கும், தலைக்கு மேல் பாலத்துச் சத்தம் கேட்கும், வரி எல்லைக்கும் உள்ளே. இரண்டு பேர் மட்டும் போனால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். எந்த இடமானாலும் ஜூன் கடைசிக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

'ஸ்வீடனில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாமே, அதற்குச் சட்டமே இருக்கிறதே' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த உரிமை நடப்பவருக்கும், ஓரிரவு கூடாரம் போடுபவருக்கும் உரியது. மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது. சாலையை விட்டு இறங்கிப் புல்வெளியிலோ காட்டிலோ வண்டி ஓட்டுவதே தடை. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பொதுவாக 24 மணி நேரம் நிற்கலாம்; ஆனால் பெரிய நெடுஞ்சாலை ஓரத்தில் இரவில் வண்டி உடைத்துத் திருடுவது நடக்கிறது. குழந்தைகளோடு அந்தச் சிக்கனம் வேண்டாம்.

கோபன்ஹேகனிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரேசுண்ட் பாலத்தில் ஆறு மீட்டரைத் தாண்டிய வண்டிக்குக் கட்டணம் எகிறும். வாடகைக்கு எடுக்கும்போதே நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்கட்டும். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ரத்தத்தில் மது வரம்பு 0.2 பெர்மில், அதாவது ஒரு பீர் குடித்தாலும் சாவியைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் மாலையே கேம்பிங்கில் சேர்ந்து தூங்கி எழுந்தால்தான் அந்த ஒரு பகல் முழுப் பகலாகக் கிடைக்கும். ஜூன் கடைசியில் விடிவது அதிகாலை மூன்றரைக்கு, சூரியன் மறைவது இரவு பத்துக்கு. வண்டி ஜன்னல்களுக்குத் திரை சரியாக மூடுகிறதா என்று வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே இழுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் சின்னவர் நாலு மணிக்கு எல்லோரையும் எழுப்பிவிடுவார்.

காலையில் மெட்ரோ. வாசலில் வங்கி அட்டையைத் தொட்டால் திறக்கும். அந்தக் கட்டணத்தில் 75 நிமிடத்துக்குள் மெட்ரோ, பஸ், டிராம், ஊருக்குள் ஓடும் படகு எதில் வேண்டுமானாலும் மாறலாம். உங்கள் திட்டத்துக்கு ஐந்தாறு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதால், போக்குவரத்துக் கழகத்தின் செயலியில் 24 மணி நேர டிக்கெட் எடுப்பதே மேல். பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணமும் அதில்தான் கிடைக்கும். அட்டையைத் தொட்டால் பிள்ளைகளுக்கும் பெரியவர் கட்டணத்தையே பிடித்துக்கொள்ளும். ரொக்கம் மாற்றவே மாற்றாதீர்கள். பல கடைகளில் நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள். பொதுக் கழிப்பறைக்குக்கூட அட்டைதான்.

ஸ்லூசனில் இறங்கி 82ஆம் எண் படகு. சுற்றுலாப் படகு அல்ல, ஆபீஸ் போகிறவர்களும் ஏறும் சாதாரணப் படகுதான். மேல்தளத்தில் நில்லுங்கள். இடப்பக்கம் அரண்மனை, அப்புறம் ஷெப்ஸ்ஹோல்மன் கரையில் கட்டிப் போட்டிருக்கும் வெள்ளைப் பாய்மரக் கப்பல். 1888இல் கட்டியது, இப்போது அதற்குள் தங்கும் விடுதி நடக்கிறது. பத்து நிமிடம் சுமாரில், வாசா மியூசியம் இருக்கும் யூர்கோர்டன் தீவு. சுற்றுலாக் கம்பெனிகள் பல நூறு குரோனா வாங்கிக்கொண்டு காட்டும் காட்சியில் பெரும்பகுதி உங்கள் நாள் டிக்கெட்டிலேயே முடிந்துவிட்டது.

வாசா மியூசியம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை காலை எட்டரைக்கே திறந்துவிடும். பத்தரைக்கு மேல் உல்லாசக் கப்பல் கூட்டம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும், அதற்கு முன் உள்ளே இருக்க வேண்டும். பதினெட்டு வயது வரை இலவசம். உள்ளே மங்கலான வெளிச்சம், மரத்துக்காகக் கட்டுப்படுத்திய குளிர்ச்சி; ஜூனிலும் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை தெரிந்து போனால் பார்வையே வேறு. 1628 ஆகஸ்டு 10, ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் மன்னன் போலந்தோடு நடந்த போருக்காகக் கட்டிய 64 பீரங்கிக் கப்பல், அரண்மனைக்கு அடியிலிருந்து முதல் பயணம் புறப்படுகிறது. கரை முழுக்க ஜனம். மரியாதை வேட்டுக்காகப் பீரங்கி ஜன்னல்கள் திறந்தபடி இருக்கின்றன. ஒரு காற்றில் கப்பல் சாய்ந்து எழுகிறது; இரண்டாவது காற்றில் சாய்ந்தது எழவில்லை, கீழ்த்தளத்து ஜன்னல் வழியே தண்ணீர் புகுந்துவிட்டது. போன தூரம் 1,300 மீட்டர். முப்பது பேர் அளவில் இறந்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், முன்பே தெரியும். துறைமுகத்தில் நிற்கும்போதே முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்தில் கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அட்மிரல் போதும் என்று நிறுத்திவிட்டார். மன்னர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், கப்பலை வடிவமைத்த டச்சுக்காரர் ஹென்ரிக் ஹூபர்ட்சன் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். விசாரணை நடந்தது, ஒருவருக்கும் தண்டனை இல்லை.

உள்ளே போனதும் எல்லோரும் கப்பலை அண்ணாந்து படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் மேல்மாடிகளுக்கு ஏறி, பின்புறத்துச் சிற்பங்களின் மட்டத்தில் நில்லுங்கள். சிங்கங்கள், ரோமானியப் பேரரசர்கள், எதிரியைப் பரிகசிக்கும் உருவங்கள். இன்று கரும்பழுப்பாக இருக்கும் இவை அன்று சிவப்பும் பச்சையும் தங்கமுமாகப் பளீரென்று இருந்தன. வண்ணம் பூசிய நகலைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கப்பலுக்குள் கிடைத்த அளவுகோல்கள் சில ஸ்வீடன் அடிக் கணக்கு, சில ஆம்ஸ்டர்டாம் அடிக் கணக்கு. ஒன்றில் 12 அங்குலம், மற்றதில் 11. இரு பக்கமும் மரம் ஒரே கனமாக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள், கணக்குப் பாடத்தில் அலகு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவைப்படாது.

மூழ்கிய முப்பத்தைந்து நாற்பது ஆண்டுகளில், 1664–65இல், மணி வடிவ மூழ்குகலத்தில் இறங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட வெண்கலப் பீரங்கிகளை இருட்டில் தடவி எடுத்துவிட்டார்கள். அப்புறம் கப்பலையே மறந்தார்கள். 1956இல் ஆண்டர்ஸ் ஃப்ரான்சென் என்பவர் கண்டுபிடித்தார். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு அங்கே வாழாது என்பதுதான் அவருடைய நம்பிக்கைக்கு அடிப்படை. கடற்படை முக்குளிப்பவர்கள் கப்பலுக்கு அடியில் ஆறு சுரங்கம் தோண்டிக் கம்பிவடம் கோத்தார்கள். 1961 ஏப்ரல் 24 அன்று வெளியே வந்தது. காய்ந்தால் மரம் சுருங்கி வெடிக்கும் என்பதால் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைப் பதினேழு ஆண்டுகள் தெளித்தார்கள். இன்று நீங்கள் பார்ப்பதில் 98 சதவீதம் அசல்.

இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகும். வெளியே வந்தால் ஆபாவும் (2013இல் திறந்தது) ஸ்கான்சனும் எட்டும் தூரத்தில்தான். பிள்ளைகள் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்ல என்றால் ஆபாவை விட்டுவிடுங்கள், டிக்கெட் விலை கடுமை. ஸ்கான்சன் நல்ல இடம். 1891இல் தொடங்கிய திறந்தவெளி மியூசியம், ஊர் ஊராகப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், கரடி, கடமான் எல்லாம் உண்டு. ஆனால் அது அரை நாளை முழுங்கும். சின்னவர் அடம்பிடித்தால் பழைய நகரத்தைச் சுருக்கிக்கொண்டு இதைச் செய்யுங்கள். என் ஓட்டு பழைய நகரத்துக்கே.

மதியச் சாப்பாட்டை வாரநாளில் 11லிருந்து 2 மணிக்குள் முடியுங்கள். அந்த நேரத்தில் பல உணவகங்களில் 'டாகென்ஸ்' என்று அன்றைய சாப்பாடு போடுவார்கள். சாலட், ரொட்டி, காபி சேர்த்து ஒரே விலை, சைவமும் பெரும்பாலும் இருக்கும். அதே உணவகத்தில் ராத்திரி போனால் இருமடங்கு. குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும், பாட்டில் வாங்காதீர்கள்.

திரும்பவும் அதே படகு. கிளம்பியதும் இடப்பக்கம் பின்னால் விலகிப்போகும் சின்னத் தீவு பெக்ஹோல்மன். வாசா மூழ்கியது அதற்கு அருகில்தான், 32 மீட்டர் ஆழத்தில். கப்பலைப் பார்த்துவிட்டு வந்து அந்த இடத்தைப் பார்த்தால், கரையிலிருந்து அவ்வளவு கிட்டத்திலா என்று இருக்கும்.

ஸ்லூசனிலிருந்து காம்லா ஸ்டான், அதாவது பழைய நகரம், நடந்தால் ஐந்து நிமிடம். கூட்டத்தோடு வெஸ்டர்லோங்காத்தான் கடைத்தெருவில் நேரே போகாதீர்கள். அங்கே கொம்பு வைத்த பிளாஸ்டிக் தொப்பிதான் விற்கிறது, அந்தக் கொம்பை எந்த வைக்கிங்கும் வைத்ததில்லை. தொடக்கத்திலேயே வலப்பக்கம் மோர்ட்டன் ட்ரோட்சிக் சந்து. 36 படி, ஒடுங்கிய இடத்தில் 90 சென்டிமீட்டர் அகலம். ஏறினால் பிரெஸ்ட்காத்தான் தெரு. இணையாகப் போகிறது, ஆளில்லாமல் இருக்கும். அதிலேயே வடக்கே நடந்தால் கோக்பிரிங்கன் முனையில் ஒரு வீட்டுச் சுவரில் சாதாரணக் கல்லோடு கல்லாக, ரூனிக் என்ற பழைய வடநாட்டு எழுத்து வெட்டிய கல் ஒன்று பதிந்திருக்கும். தோர்ஸ்டனும் ஃப்ரோகுன்னும் தங்கள் மகன் நினைவாக நாட்டியது. நகரமே தோன்றுவதற்கு முந்தைய நடுகல், பிற்பாடு வந்தவர்களுக்குக் கட்டடக் கல்லாகிவிட்டது. வண்டிச் சக்கரம் முனையில் இடிக்காமலிருக்க அதன் முன்னால் பழைய பீரங்கிக் குழாயை நட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து ஸ்டோர்டொரியெட் சதுக்கம் பக்கம்தான். எல்லாப் படத்திலும் வரும் சிவப்பு, மஞ்சள் வீடுகள் இங்கேதான். 1520 நவம்பரில் டென்மார்க் மன்னன் இரண்டாம் கிறிஸ்டியன் பக்கத்துப் பெரிய தேவாலயத்தில் ஸ்வீடனுக்கும் முடிசூட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்த பிரபுக்களையும் பிஷப்புகளையும் கதவைச் சாத்திப் பிடித்து, இந்தச் சதுக்கத்தில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் தலையை வெட்டினான். வெட்டுப்பட்ட ஒருவரின் மகன் குஸ்தாவ் வாசா கிளர்ச்சி செய்து 1523 ஜூன் 6 அன்று மன்னனானான்; அந்த நாள்தான் இன்று ஸ்வீடனின் தேசிய தினம். காலையில் பார்த்த கப்பலைக் கட்டச் சொன்னவன் இவனுடைய பேரன், அதன் பெயரும் இந்த வம்சத்தின் பெயர். பெரிய தேவாலயத்துக்குக் கட்டணம் உண்டு. 1489இல் செதுக்கிய புனித ஜார்ஜும் டிராகனும் மரச்சிற்பத்துக்காக மட்டுமே போகலாம். டிராகனின் முட்களுக்கு நிஜமான கடமான் கொம்பைச் செருகியிருக்கிறார்கள்.

நோபல் மியூசியம் இதே சதுக்கத்தில், பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தில். சி. வி. ராமன் 1930இலும், சந்திரசேகர் 1983இலும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இலும் பரிசு வாங்கிய ஊர் என்பதால் நம்மவர்களுக்கு உள்ளே போக ஆசை வரும். மியூசியம் சின்னது, வாசிக்க நிறைய, பார்க்கக் குறைவு. காபிக்கடையில் உட்கார்ந்தால் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பரிசு பெற்றவர்கள் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பரிசு வழங்குவது இங்கே அல்ல, ஹியோடொரியெட் பக்கத்து கான்செர்ட்ஹூசெட் அரங்கில். டிசம்பர் 10 இரவு விருந்து சிட்டி ஹாலில். அரண்மனைக் காவல் மாற்றம் வாரநாளில் பன்னிரண்டே காலுக்கு. உங்கள் கணக்கில் அது தவறும், தவறட்டும்.

நாலு மணி வாக்கில் கால் வலிக்கும். ஒரு காபி, ஒரு ஏலக்காய் பன். இலவங்கப்பட்டை பன்னைவிட ஏலக்காய் பன்தான் இங்கே எனக்குப் பிடித்தது. அப்புறம் ஒரே ஒரு நிலையம் மெட்ரோவில் டி-சென்ட்ரலன் போய், நீலத் தடத்து மேடைக்கு இறங்குங்கள். குகைப்பாறையை அப்படியே விட்டு, 1975இல் பெர் ஊலோஃப் உல்ட்வெட் நீலக் கொடிகளும் இலைகளும் தீட்டினார். கூரை ஓரமாக நிலையத்தைக் கட்டிய தொழிலாளிகளின் நிழலுருவங்கள் ஏணியும் கருவியுமாக நிற்கின்றன. பத்து நிமிடம் போதும், பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.

சிட்டி ஹாலுக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். நேரம் பொருந்தினால் சரி: 1923இல் திறந்த கட்டடம், சுமார் 80 லட்சம் செங்கல். விருந்து நடக்கும் நீலக் கூடத்தில் நீலம் இல்லை. பூசுவதாகத்தான் திட்டம், செங்கலின் சிவப்பு பிடித்துப்போனதால் ராக்னார் ஓஸ்ட்பெரி அப்படியே விட்டுவிட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. நேரம் பொருந்தாவிட்டால் வருத்தமே வேண்டாம், அது வெளியிலிருந்துதான் இன்னும் அழகு. அதற்கு எதிர்க்கரைக்குப் போக வேண்டும்: சோடர்மால்ம் பாறை விளிம்பில் மொன்டேலியஸ்வேகன் நடைபாதை. கடையில் ரொட்டி, சீஸ், ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு எட்டு மணிக்கு மேல் போய் பெஞ்சில் உட்காருங்கள். எதிரே தண்ணீர், 106 மீட்டர் சிட்டி ஹால் கோபுரம், வலப்பக்கம் நீங்கள் மதியம் சுற்றிய பழைய நகரம். வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் அது. பக்கத்து மரியாதோரியெட் நிலையத்திலேயே பிரேடெங்குக்கு ரயில்.

முக்கியமான ஒன்று: காலண்டரைப் பாருங்கள். ஜூன் 19க்கும் 25க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமை மிட்சம்மர் என்ற கோடைப் பண்டிகை. அன்று ஊரே கிராமத்துக்குப் போய்விடும், கடைகளும் பல மியூசியங்களும் மூடிக்கிடக்கும். உங்கள் ஒரு பகல் அன்றைக்கு விழுந்தால் மேலே சொன்னதை மறந்துவிட்டு நேரே ஸ்கான்சன் போங்கள். பூச்சுற்றிய கம்பத்தை நட்டு ஆட்டம் பாட்டம் அங்கே உண்டு.

மறுநாள் கிளம்பும் முன் கேம்பிங்கிலேயே கழிவுத்தொட்டியைக் காலி செய்து நல்ல தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் மேற்கே ட்ரோட்னிங்ஹோல்ம். அரச குடும்பம் வசிக்கும் அரண்மனை, 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தோட்டத்தில் நடக்கக் கட்டணமில்லை. அங்கே மட்டும் வண்டியோடே போகலாம்.